ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு வரி

2022 ஒக்டோபர் 17, திங்கள்

போகெர்ட் ஐயாவைக் கண் வைத்தியரிடம் கூட்டிப் போய் வந்தேன். ஆட்களின் உருவம் தெரியும், யன்னல் வெளிச்சம் தெரியும், எழுத்து இனித் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். காரில் சாண்ட்கெர்க் ஊருக்குத் திரும்பும் அணைக்கட்டில் ஏறியதும், "செம்மறியள் நிக்குதே?" என்று கேட்டார்.

"நிக்குது."

"எந்தப் பக்கம்?"

"கடல் பக்கம்."

"அப்ப காத்து வடக்காலை வருகுது, ஒதுங்கி நிக்குதுகள்" என்றார்.

அவர் கதைப்பது டச்சுதான். ஆனால் இந்தக் கொப்பியில் எல்லோரையும் என் ஊர்ப் பேச்சில் கதைக்க விடுகிறேன். பராமரிப்புக் கந்தோருக்கு நாள் முழுக்க டச்சில் குறிப்பு எழுதிக் கை அலுத்துப்போகிறது. நான் அவரைக் கூப்பிடும் 'மெனேர்', அதாவது ஐயா, மட்டும் டச்சிலேயே கிடக்கட்டும்.

முழுப் பேர் லேண்டெர்ட் போகெர்ட், எண்பத்தொரு வயது. கல்யாணம் கட்டவில்லை. இந்த ஊர்ப் பள்ளிக்கூடம் மூடப்படும் வரைக்கும் அதில் படிப்பித்தவர். நாலு வருடமாகக் காலையில் அவர் வீட்டுக்குப் போகிறேன். கழுவித் துடைப்பது, இறுக்கக் காலுறை ஏற்றுவது, மாத்திரை கொடுப்பது, இவ்வளவும்தான் என் பட்டியலில் உள்ள வேலை.

இன்று கதிரையில் இருத்தியதும் மேசையில் கிடந்த காகிதக் கட்டைத் தடவினார். ஊரின் வரலாறு. பதினோரு பேர் உள்ள ஊர் வரலாற்றுச் சங்கத்துக்காகப் பன்னிரண்டு வருடம் இருந்து எழுதியது. அச்சுக்குப் போக முன்னர் கடைசித் திருத்தம் பார்க்க வேண்டும். 1953 பெருவெள்ளத்தின் எழுபதாவது ஆண்டு, வரும் பெப்ரவரி முதலாம் திகதி. அன்றைக்கு வெளியீடு.

"நீர் வாசிப்பீரோ?"

"என்ர டச்சு உங்களுக்குத் தெரியும்தானே, மெனேர்."

"தெரியும். நீர் பிழையா வாசிச்சால் எனக்கு நித்திரை வராது. அது நல்லதுதான்."

ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம், என் சொந்த நேரத்தில் என்று ஒப்புக்கொண்டேன்.

ஒக்டோபர் 20, வியாழன்

முதலாம் அத்தியாயம். இந்த ஊர் இரண்டு தரம் இடம்பெயர்ந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. முதல் ஊர் இப்போது கடலுக்குள் இருக்கிறதாம். ஆயிரத்து ஐந்நூறுகளில் அணை உடைந்து தண்ணீர் வந்தபோது சனங்கள் தேவாலயத்து மணியைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு இரண்டு மைல் உள்ளே வந்து குடியேறினார்கள். பிறகு அதுவும் போய், இப்போதிருக்கும் இடம். மணியை மட்டும் விடவே இல்லை.

முந்நூற்றி எண்பது பேர், ஒரு தேவாலயம், மூடிய ஒரு பேக்கரி, வளைந்து கிடக்கும் ஓர் ஓடை. இதற்குள் இவ்வளவு கதை என்று நான் நினைக்கவில்லை.

வீட்டுக்காரர் நாதனுக்குச் சொன்னேன். மட்டித் தொழிற்சாலையில் எட்டு மணித்தியாலம் நின்று வந்தவர், சோற்றைப் பிசைந்துகொண்டே, "மணியைத் தூக்கினவை, ஆக்களைத் தூக்கிச்சினமோ?" என்று கேட்டார். பகிடிக்குத்தான் கேட்டார்.

ஒக்டோபர் 27, வியாழன்

மழை. மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு கப்பல்காரன் வருகிறான். இந்த ஊரில் பிறந்து, டச்சுக் கம்பனிக் கப்பலில் இலங்கைக்குப் போய், திரும்பி வராதவன். எங்கள் பக்கத்தில் அலுவலகத்தைக் கந்தோர், கழிப்பறையைக் கக்கூசு என்று இன்றைக்கும் சொல்லுகிறோம், உங்கள் ஆட்கள் விட்டுப்போன சொற்கள் என்றேன்.

"நூற்றி நாற்பது வருசம் இருந்து, கந்தோரும் கக்கூசும்தானோ குடுத்தவங்கள்?" என்று கேட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார்.

நவம்பர் 2, புதன்

அப்பாவின் திவச நாள். கத்தரிக்காய், வாழைக்காய், பருப்பு, பாயாசம். வாழையிலை பட்டணத்துக் கடையில் இருக்கவில்லை, தட்டில் படைத்தேன்.

பின்னேரம் ரொறன்ரோவிலிருந்து சந்திரா அக்கா தொலைபேசி எடுத்தா. அங்கே காலை. ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் எடுப்பா. இந்த முறையும் அதையேதான் சொன்னா.

"நான் காய்ச்சலோட டிராக்டரிலை நீட்டிப் படுத்துக் கிடந்தன். எழும்பி இருந்திருந்தால் அப்பாவுக்கு ஒரு இடம் வந்திருக்கும், என்ன?"

"இல்லை அக்கா. டிராக்டர் நிறைஞ்சு போச்சு. அப்பாதானே உங்களைப் போகச் சொன்னவர்."

"ஓம், நீ சொன்னனிதானே" என்றா.

பிறகு அவவின் முழங்கால் வலியைப் பற்றிக் கதைத்தோம்.

நவம்பர் 10, வியாழன்

ஆறாம் அத்தியாயம் முழுக்கச் செடி. முந்தி இந்த வயல்களில் கோதுமையைவிட ஒரு வேருக்குத்தான் மதிப்பாம். மூன்று வருடம் மண்ணில் விட்டு, கிண்டி, உலர்த்தி, இடித்தால் சிவப்புச் சாயம். போகெர்ட் ஐயா அதிலுள்ள படத்தைப் பார்க்கச் சொன்னார். பார்த்தால் எங்கள் மருந்துக் கடை மஞ்சிட்டி. அதற்கு உறவுச் செடி என்று நினைக்கிறேன். வேர் இடிக்கிற கொட்டிலில் வேலை செய்தவர்களின் தோலும் வியர்வையும் சிவந்துபோயிருக்குமாம். அந்தப் பந்தியை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். நன்றாக எழுதியிருக்கிறேன் என்று அவருக்கே பிடித்துப்போய்விட்டது.

நவம்பர் 17, வியாழன்

வியாழனில் யோஹானா வருவா. எழுபத்தெட்டு வயது. தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் சிவப்புக் கதவு வீடு. பட்டாணி சூப் ஒரு சட்டியில் கொண்டுவந்து சூடாக்கி, அவருக்கு ஒரு கோப்பை வைத்து, தானும் எதிரில் இருந்து குடிப்பா. இருவரும் அதிகம் கதைப்பதில்லை. "உப்புக் காணுமோ?" "காணும்." அவ்வளவுதான். நாலு வருடமாகப் பார்க்கிறேன். ஒரு வியாழனும் தவறியதில்லை.

வெள்ளத்தில் தாய், தகப்பன், தம்பி மூவரையும் இழந்தவ. அன்றைக்கு எட்டு வயது. அவவைக் கூரையிலிருந்து இறக்கியது போகெர்ட் ஐயாவின் தகப்பன் மரீனுஸ். தேவாலயச் சுவரில் அவர் பேரில் ஒரு கல் இருக்கிறது: ஏழு தரம் படகு வலித்து முப்பத்தொரு பேரைக் காத்தவர். கல்லுக்கு மேலே, வெள்ளம் நின்ற உயரத்துக்கு ஒரு நீல ஓடு பதித்திருக்கிறார்கள். நான் கையை உயர்த்தினால் விரல் நுனி படும்.

நவம்பர் 24, வியாழன்

ஒன்பதாம் அத்தியாயம். வெள்ளம்.

சனிக்கிழமை இரவு புயல், விடியப்புறம் அணை உடைந்தது, ஞாயிறு காலையில் கொஞ்சம் வற்றியது, பின்னேரம் இரண்டாம் பெருக்கு. முதல் பெருக்கைவிட இரண்டாம் பெருக்கில்தான் கூடுதலானவர்கள் செத்தார்கள். கூரைகளில் மணிக்கணக்காக நனைந்து இருந்தவர்களை, அந்த இரண்டுக்கும் இடையில் மரீனுஸ் போகெர்ட் தன் சிப்பிப் படகில் ஏற்றித் தேவாலயத்து மேட்டுக்குக் கொண்டுவந்தார்.

அப்படியே வாசித்துப் போனேன். "ஏழாவது தடவை படகு நிறைந்திருந்தபடியால் வெர்ஹூல்ஸ்ட் வீட்டிலிருந்து மகள் யோஹானாவை மாத்திரமே ஏற்ற முடிந்தது" என்ற இடத்தில் கையை உயர்த்தினார். நிறுத்தினேன்.

"திரும்ப வாசியும்."

வாசித்தேன்.

"இண்டைக்குக் காணும்" என்றார்.

பிழையாக வாசித்துவிட்டேனோ என்று கேட்டேன். இல்லை, வடிவாக வாசித்தீர் என்றார்.

நவம்பர் 28, திங்கள்

இன்றும் ஒன்பதாம் அத்தியாயம். இன்றும் அதே வரியில் நிறுத்தினார்.

டிசெம்பர் 2, வெள்ளி

பத்தாம் அத்தியாயத்துக்குப் போவோமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அந்த வரி. அவர் நகத்தால் கதிரைக் கையைச் சுரண்டிக்கொண்டே கேட்கிறார்.

வீட்டில் குளிர்சாதனப் பெட்டியைக் கழுவினேன். பின்பக்கத்தில் ஒரு போத்தல் ஊறுகாய், இரண்டு வருடப் பழசு.

டிசெம்பர் 8, வியாழன்

யோஹானா சூப்பைக் குடித்துச் சட்டியை எடுத்துப் போன பிறகு, கதவைச் சாத்தச் சொன்னார்.

"அந்த வரி பொய்" என்றார்.

நான் காலுறையை மடித்துக்கொண்டு நின்றேன்.

"படகு வலிக்கிற ஆள் எந்தப் பக்கம் பாத்திருப்பான் எண்டு உமக்குத் தெரியுமோ? பின்பக்கம். முன்னுக்கு என்ன கிடக்கெண்டு அவனுக்குத் தெரியாது. ஆரும் முன்னுக்கு இருந்து சொல்லவேணும். அண்டைக்கு முன்னுக்கு இருந்தது நான். பதினொரு வயசு."

கதையைச் சொல்ல அவருக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது. நான் சுருக்கி எழுதுகிறேன். ஏழாவது தடவை படகில் பேக்கரிக்காரரும் மனைவியும் இருந்தார்கள். வெர்ஹூல்ஸ்ட் வீட்டுக் கூரையை முட்டியதும் யோஹானா சறுக்கி இறங்கிவிட்டாள். அவளுக்குப் பின்னால் தாய், நாலு வயசுத் தம்பி கேஸைப் போர்வையில் சுற்றி இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டிருந்தா. தண்ணீர் படகுக்குள் அடித்தது. அவருக்குக் கை விறைத்துவிட்டது. தகப்பன் திரும்பாமலே கேட்டார்: "இடமிருக்கோ?"

"நான் நிறைஞ்சிட்டுது எண்டு கத்தினன்" என்றார். "நிறையேல்லை. எனக்குப் பக்கத்தில பலகை வெறுமையாக் கிடந்தது. எனக்குப் பயம். படகு கவிழும், நான் சாகப்போறன் எண்ட பயம். அப்பா தள்ளி வலிச்சிட்டார்."

எட்டாவது தரம் போனபோது அந்தக் கூரை இல்லை.

"உங்கட அப்பாவுக்குத் தெரியுமோ?"

"மேட்டில ஆக்களை இறக்கேக்கை அந்தப் பலகையைப் பாத்தவர். பேந்து என்னைப் பாத்தவர். ஒண்டும் சொல்லேல்லை. இருபத்தாறு வருசம் கழிச்சுச் செத்தவர். அது வரைக்கும் ஒண்டும் சொல்லேல்லை."

படகு நெடுநாள் கொட்டிலுக்குள் கிடந்ததாம். பெரியவனான பிறகும் ஒருநாள் போய் அந்தப் பலகையை அளந்து பார்த்திருக்கிறார். இந்த ஊரில் உயிர் தப்பிய ஐம்பத்திரண்டு பேரின் வாக்குமூலத்தையும் ஒலிநாடாவில் பதிந்து வைத்திருக்கிறார். ஐம்பத்து மூன்றாவது அவருடையது. அது இல்லை.

பதினொரு வயசுப் பிள்ளைதானே நீங்கள் என்று சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது. "பிள்ளையளுக்குப் படிப்பிச்சனான் நான். பதினொரு வயசில அதுகளுக்கு எவ்வளவு தெரியும் எண்டு எனக்குத் தெரியும்" என்றார்.

டிசெம்பர் 9, வெள்ளி

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. பழைய வரியை வெட்டிவிட்டு இதைப் போட வேண்டும். என் கையெழுத்துக்குக் கீழே அவர் தடவித் தடவிக் கையொப்பம் வைத்தார்.

"அடுத்த வியாழன் யோஹானாவுக்கு நானே சொல்லுவன். அதுக்குப் பிறகு நீர் இதைச் சங்கத்துக்குக் குடும்."

காகிதத்தை என் பையில் வைக்கச் சொன்னார். அவர் வீட்டில் வைத்தால் எங்கே வைத்தோம் என்று அவருக்குத் தெரியாது.

டிசெம்பர் 14, புதன்

காலையில் திறப்பைப் போட்டுத் திறந்தபோது குசினித் தரையில் கிடந்தார். கண் திறந்திருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. அம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டு, வரும் வரைக்கும் தலைக்குக் கீழே என் சால்வையை வைத்துப் பக்கத்தில் இருந்தேன்.

டிசெம்பர் 15, வியாழன்

வியாழன். யோஹானா சட்டியோடு அவர் வாசலில் நிற்கிறா. அவவுக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். சட்டியை என் கையில் தந்தா. நாதனும் நானும் குடித்தோம்.

டிசெம்பர் 23, வெள்ளி

பட்டணத்துப் பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றிவிட்டார்கள். வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சும் போய்விட்டது. "ஓம்" மட்டும் வருகிறது, அதையும் இல்லை என்பதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறார். என்னைக் கண்டதும் இடது கையால் என் பையைத் தொட்டார்.

"பத்திரமா இருக்கு, மெனேர்" என்றேன்.

"ஓம்."

2023 ஜனவரி 9, திங்கள்

வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் வில்லெம் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அறுபது வயது, நல்ல மனுசன், எப்போதும் அவசரம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும்.

"கடைசியா நீங்கள்தானே வாசிச்சனீங்கள். லேண்டெர்ட் ஏதும் மாத்தச் சொன்னவரோ?"

பை கதிரையின் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஒன்பதாம் அத்தியாயம் வரைக்கும் வாசிச்சம். பெரிசா ஒண்டும் மாத்தச் சொல்லேல்லை" என்றேன்.

அவர் நன்றி சொல்லி, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. இது என் வேலை இல்லை. நான் கால் கழுவ வருகிற ஆள், இந்த ஊர்க்காரியும் இல்லை. இருபது வருடம் இங்கே இருந்தாலும் இல்லைதான். யோஹானாவின் மனதைக் குழப்ப எனக்கு என்ன உரிமை. எழுபது வருடம் ஒரு மாதிரி அமைந்து கிடக்கிறது. சொல்ல வேண்டியவருக்கு வாய் இல்லை.

நாதன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, நீர் செய்தது சரிதான்" என்றார். பிறகு, "ஆனால் நீர் ஏன் இப்பிடி அழுறீர்?" என்று கேட்டார்.

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 10, செவ்வாய்

வேலை. மூன்று வீடு. மூன்றாவது வீட்டில் மாத்திரைப் பெட்டியைத் திங்கள் இடத்தில் செவ்வாயாக மாற்றி அடுக்கிவிட்டேன். நல்ல காலம், கண்டுபிடித்துச் சரியாக்கினேன்.

ஜனவரி 11, புதன்

போனேன். சிவப்புக் கதவு. இவ்வளவு வருடத்தில் அவவின் வீட்டுக்குள் நான் போனது இதுதான் முதல் தரம்.

காகிதத்தை மேசையில் வைத்து, இது லேண்டெர்ட் ஐயா சொல்லி நான் எழுதியது, அவரே உங்களுக்குச் சொல்ல இருந்தார் என்றேன். கண்ணாடியைப் போட்டு மெதுவாக வாசித்தா. முடித்துவிட்டுத் திரும்ப முதலிலிருந்து வாசித்தா. நான் எழும்பிப் போகலாமோ என்று கதவைப் பார்த்தேன்.

பிறகு ஓரிடத்தில் விரலை வைத்தா.

"இதிலை, அம்மா கேஸை நீட்டினவ எண்டு இருக்கு."

"ஓம்."

"நான் இறங்கினாப் பிறகோ? இல்லை முந்தியோ?"

"உங்களுக்குப் பிறகு. உங்களுக்குப் பின்னால நீட்டிக்கொண்டு நிண்டவ எண்டு சொன்னவர்."

கண்ணாடியைக் கழற்றினா.

"அம்மா முதல் கேஸை எண்டு சொன்னவ. எனக்கு அது காதில கேட்டது. நான் கேக்காத மாதிரிச் சறுக்கி இறங்கிட்டன். படகு நிறைஞ்சிட்டுது எண்டு சொல்லிச்சினம். கடைசி இடத்தை நான் எடுத்திட்டன் எண்டு அப்ப நினைச்சன். பேந்தும் நினைச்சன். எல்லாரும் அதைத்தான் சொல்லுவினம், நல்ல மனசோடதான் சொல்லுவினம்: படகு நிறைஞ்சிட்டுது யோஹானா, ஒண்டும் செய்ய ஏலாமப் போச்சு. ஒவ்வொரு தரம் சொல்லேக்கையும் எனக்கு என்ன கேக்கும் எண்டு உமக்குத் தெரியுமோ?"

கழற்றிய கண்ணாடியைத் திரும்பப் போட்டு அந்த இடத்தைப் பார்த்தா.

"இடம் இருந்திருக்கு" என்றா. "அவனுக்கும் இடம் இருந்திருக்கு."

அவவுக்குக் கோபம் வந்தது பிறகுதான். சத்தம் போடவில்லை. காகிதத்தை இரண்டாக மடித்தா, நாலாக மடித்தா. "எனக்குச் சூப்புக் குடிக்கத் தெரியும் எண்டு நினைச்சிட்டான். கேக்கத் தெரியாது எண்டு நினைச்சிட்டான்" என்றா. இப்போதைக்கு அவரைப் பார்க்கப் போகமாட்டேன் என்றும் சொன்னா.

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். இன்னும் ஒன்று எழுத வேண்டும். எழுதிவிடுகிறேன்.

1995 ஒக்டோபர் 30. சண்டைக்குப் பயந்து முழுச் சனமும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட நாள். நாவற்குழிப் பாலத்துக்கு யாழ்ப்பாணப் பக்கம். மழை. சனம் நகர இடமில்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது. தெரிந்த ஒருவரின் டிராக்டர். பின்னால் இழுக்கும் வண்டிக்குள் அம்மாவும் காய்ச்சலோடு அக்காவும் ஏறியாகிவிட்டது. நான் மெசினோடு நின்றேன். என் தையல் மெசின், மரப்பெட்டியோடு. என் உழைப்பு அதுதான். அப்பா தொய்வுக்காரர், என் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். ஓட்டுகிறவர் கேட்டார்: "தங்கச்சி, உன்னோட இன்னும் ஒண்டுக்குத்தான் இடம். ஆளோ, பெட்டியோ?"

நான் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். அப்பா சைக்கிள்காரர் ஆரோடும் வந்துவிடுவார் என்று நினைத்தேன். நினைத்தேனா, பிறகு அப்படி வைத்துக்கொண்டேனா, இப்போது தெரியவில்லை.

மூன்று நாள் கழித்துக் கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்து விறாந்தையில் அவரைக் கண்டுபிடித்தோம். அன்று காலையில்தான் முடிந்ததாம்.

"நீங்கள் போங்கோ எண்டு அப்பாதான் சொன்னவர்" என்று அம்மாவுக்குச் சொன்னேன். அக்காவுக்கும் சொன்னேன். இருபத்தேழு வருடமாகச் சொல்லுகிறேன்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 12, வியாழன்

யோஹானா காலையிலேயே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு வில்லெமிடம் போனா. வில்லெம் வாசித்துவிட்டு முகம் வெளுத்துப்போனார். நான் திங்கள் பொய் சொன்னதை நானே ஒப்புக்கொண்டேன். அதற்கு அவர் கோபிக்கவில்லை. அவரின் கவலை எல்லாம் தேவாலயச் சுவரில் இருக்கும் கல்.

"மரீனுசின்ர கல்லை என்ன செய்யிறது? சனம் கேக்குமே."

"கல் இருக்கட்டும்" என்றா யோஹானா. "அந்த மனுசன் ஏழு தரம் வலிச்சவர். எட்டாவது தரமும் போனவர். அதிலை பொய் இல்லை."

"இதைக் கட்டாயம் போடத்தான் வேணுமோ? லேண்டெர்ட்டுக்கு இனிக் கதைக்கவும் ஏலாது."

"அவர்தான் போடச் சொன்னவர். நானும் சொல்லுறன். இன்னொண்டு. கடைசியிலை இருக்கிற பெயர்ப் பட்டியலிலை 'வெர்ஹூல்ஸ்ட் குடும்பத்தின் இளைய மகன்' எண்டு கிடக்கு. அவனுக்குப் பேர் இருக்கு."

வில்லெம் பேனையை எடுத்து எழுதினார்.

ஜனவரி 19, வியாழன்

போகெர்ட் ஐயாவிடம் போனேன். சூப் இல்லாத வியாழன் இது ஆறாவது. யோஹானா வாசித்துவிட்டா, வரி மாறிவிட்டது, அச்சுக்குப் போய்விட்டது என்று எல்லாம் சொன்னேன். கேஸின் இடத்தைத் தான் எடுத்துவிட்டதாக அவ இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்ததையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டார். இடது கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவ வருவாவோ என்று அவர் கேட்கவில்லை. கேட்க அவருக்குச் சொல் இல்லை. கதவு திறக்கும்போதெல்லாம் பார்த்தார்.

ஜனவரி 26, வியாழன்

சூப் இல்லாத ஏழாவது வியாழன்.

பெப்ரவரி 1, புதன்

காற்று இல்லை. இந்த மாதத்தில் இப்படி ஒரு நாள் அபூர்வம். பராமரிப்பு இல்லத்து வானில் அவரைக் கொண்டுவந்து, சில்லுக் கதிரையில் நான் தேவாலயத்துக்குள் தள்ளிப் போனேன். முழு ஊரும் இருந்தது. பலர் புத்தகத்தை முன்னமே வாங்கி ஒன்பதாம் அத்தியாயத்தை வாசித்துவிட்டார்கள் என்பது அவர்கள் அவரைப் பார்த்த விதத்தில் தெரிந்தது. ஒருவரும் ஏசவில்லை. வந்து கை கொடுத்தவர்களும் உண்டு, வேறு பக்கம் பார்த்தவர்களும் உண்டு. பேக்கரிக்காரரின் பேரன் வந்து குனிந்து அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனான்.

யோஹானா முன்வரிசையில், எங்களுக்கு மறுபக்கம். திரும்பவில்லை.

செத்தவர்களின் பெயர்களை வாசிப்பது ஒவ்வொரு வருடமும் உண்டு. இந்த வருடம் அவ வாசித்தா. இருபத்திரண்டு பேர். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தரம் மணி அடித்தது. கடைசிக்கு முந்தினது தாய். கடைசி, "கேஸ் வெர்ஹூல்ஸ்ட், நாலு வயது." அதை வாசிக்கும்போதுதான் அவவின் குரல் மற்றப் பெயர்களைவிடத் தெளிவாக இருந்தது. போகெர்ட் ஐயாவின் நல்ல கை மடியில் கிடந்தது. நான் என் கையை அதன் மேல் வைத்தேன்.

பிறகு எல்லோரும் அணைக்கட்டுக்கு நடந்தார்கள். தண்ணீரில் பூ விடுவதற்கு. நான் கதிரையைத் தள்ளிக்கொண்டு கடைசியாகப் போனேன். சரிவுக்குக் கிட்ட யோஹானா நின்றா. எங்களுக்காக நிற்கிறா என்று முதலில் எனக்குத் தெரியவில்லை.

"விடும். நான் தள்ளுறன்" என்றா.

"சரிவு கடுமை, ரெண்டு பேராத் தள்ளுவம்."

"ஓம், கடுமைதான்" என்று சொல்லிக்கொண்டே கைப்பிடி இரண்டையும் பிடித்தா. நான் விலகி நின்றேன். எழுபத்தெட்டு வயது. நாலு அடிக்கு ஒரு தரம் நின்று நின்று ஏற்றினா. பாதியில் நின்றபோது குனிந்து அவர் காதுக்குக் கிட்ட ஏதோ சொன்னா. எனக்குக் கேட்கவில்லை. அவர் "ஓம்" என்றார். அது எந்த ஓம் என்று தெரியவில்லை. அவவுக்குத் தெரிந்திருக்கும்.

பெப்ரவரி 2, வியாழன்

இரண்டு மணிக்கு ரொறன்ரோவுக்கு எடுத்தேன். அங்கே காலை எட்டு. நாதனை அறைக்கு வெளியே இருக்கச் சொன்னேன்.

"என்ன, அப்பாவின்ர நாளும் இல்லை. ஏதும் பிரச்சினையே?" என்று கேட்டா அக்கா.

"அக்கா, டிராக்டரிலை இடம் இருந்தது."

"என்ன?"

"நீங்கள் படுத்ததாலை இல்லை. நீங்கள் படுத்துக் கிடந்தும் இடம் இருந்தது. ஒராளுக்கு. நான் அதிலை மெசினை ஏத்தினன். அப்பா போங்கோ எண்டு சொல்லேல்லை. அவர் ஒண்டுமே சொல்லேல்லை."

அந்தப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது. நான் கைத்தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். வெளியே நாதன் செருமினார்.

அக்கா கேட்டா:

"அந்த மெசின் என்ன ஆச்சு?"

"கிளிநொச்சியிலை விட்டிட்டு ஓடினம். அடுத்த வருசம்."

"அதுவும் இல்லை" என்றா. தொலைபேசியை வைத்துவிட்டா.

பெப்ரவரி 5, ஞாயிறு

அக்காவுக்கு எடுத்தேன். அவ எடுக்கவில்லை.

பெப்ரவரி 9, வியாழன்

காலையில் பராமரிப்பு இல்லம். யோஹானா வந்திருந்தா, சட்டியோடு. அவருக்குக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தா. நாடியில் வழிந்ததைத் துடைக்கும் விதம் அன்பானது என்று சொல்லமாட்டேன், கொஞ்சம் அழுத்தித்தான் துடைத்தா. அவர் வாயைத் திறந்து திறந்து வாங்கினார்.

பின்னேரமும் அக்கா எடுக்கவில்லை.

பெப்ரவரி 19, ஞாயிறு

உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. அக்கா.

ஏசுவா என்று நினைத்தேன். கதிரையில் இருந்துகொண்டேன்.

"எனக்கு உன்னிலை கோவம்" என்றா. "அது போகேல்லை. எப்ப போகும் எண்டும் தெரியேல்லை."

"ஓம், அக்கா."

"ஆனால் இந்த ரெண்டு கிழமையும் நான் நிம்மதியாப் படுத்தன். காலை நீட்டி. இருபத்தேழு வருசம் நான் சுருண்டுதான் படுக்கிறனான், உனக்குத் தெரியுமே? என்ர மனுசன் கூடக் கேக்கும், ஏன் இப்பிடிச் சுருளுறாய் எண்டு."

எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை.

"சரி, சொல்லு" என்றா அக்கா. "அப்பா அந்த இடத்திலை எப்பிடி நிண்டவர்? என்ன உடுத்திருந்தவர்? எனக்குக் காய்ச்சல், நான் ஒண்டும் பாக்கேல்லை. நீதான் பாத்தனி. முதல்லை இருந்து சொல்லு."

நீலக் கரைச் சாரம், தோளில் ஈரத் துவாய் என்று தொடங்கினேன்.